கொசுத்தேனீக்கு எந்த வீடு: சுவரா, கலயமா, மூங்கிலா, பெட்டியா?

கொசுத்தேனீ என்பது கொடுக்கு இல்லாத பொடித் தேனீ. அதைப் பற்றி நம் ராமநாதபுரம் கரையில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பழைய காரை வீட்டை இடிக்கப் போறோம், சுவத்துக்குள்ள கொசுத்தேனீ இருக்கு, என்ன செய்யிறது?" உச்சிப்புளி, தங்கச்சிமடத்துத் தோப்புக்காரர்கள் வேறு மாதிரி கேட்பார்கள்: "ஒரு கூடு வாங்கலாம்னு இருக்கேன். பானையில வாங்கவா, பெட்டியில வாங்கவா?" சுற்றிச் சுற்றி இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எந்த வீட்டில் குடிவைப்பது?

யூடியூபில் பார்க்கிற முறைகளில் முக்கால்வாசி கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் எடுத்தவை. அங்கே தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, ரப்பர்த் தோட்ட நிழலும் உண்டு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சிப்போனால் மார்கழி முன்பாதி. மற்ற மாதமெல்லாம் வெயிலும் உப்புக்காற்றும். அங்கே நல்லதாக இருப்பது இங்கே நல்லதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் இடிபடப் போவதில்லை என்றால் கூட்டைத் தொடாதீர்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும், ஒன்றிரண்டு கூடு வைத்தால் போதும் என்றால் மண் கலயம். கூடுகளைப் பெருக்கப் போகிறவருக்கு மட்டும் தடித்த மரப்பெட்டி. மூங்கில் நம் கரைக்குக் கடைசி இடம்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் சூடு. இது ஏன் முதலில் வருகிறது என்பதற்கு இந்தப் பூச்சியின் உடம்பிலேயே காரணம் இருக்கிறது. பெட்டியில் வளர்க்கிற அடுக்குத்தேனீக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் ராணியோடு மொத்தக் கூட்டமும் ஒரே நாளில் கிளம்பிப் போய்விடும். கொசுத்தேனீயின் தாய் ராணிக்கு அது முடியாது. முட்டையிடத் தொடங்கியபின் அதன் வயிறு ஊதிப் பெருத்துவிடும், பறக்க வராது. கூடு பிரியும்போதுகூடப் புது வீட்டுக்குப் போவது இளம் ராணிதான். அதற்கும் முன்னால் வேலைக்காரத் தேனீக்கள் தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் பிசினும் தேனும் சுமந்து பல நாள் போய்வந்து புது இடத்தைத் தயார் செய்யும். ஆக, சூடு தாங்காத பெட்டியில் வைத்துவிட்டால் அந்தக் கூட்டம் தப்பித்துப் போகாது. உள்ளேயே சாகும்.

அடுக்குத்தேனீ தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சிறகால் விசிறி, கூட்டைக் குளிர்த்தும். கொசுத்தேனீ விசிறும், அவ்வளவே. 40 டிகிரிக்கு மேல் போனால் முட்டையும் புழுவும் தாங்குவது கடினம், மெழுகு இளகி, தேனைச் சேர்த்து வைக்கிற சின்னத் தேன்குடங்கள் சரியத் தொடங்கும். கடலோரத்தில் காற்றின் சூடு அவ்வளவு ஏறுவதில்லை, பரமக்குடி, கமுதிப் பக்கத்து வெயிலோடு ஒப்பிட்டால் பாம்பன் எவ்வளவோ தேவலை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மேற்கு வெயில் விழுகிற இடத்தில், அரை அங்குலப் பலகைப் பெட்டிக்குள் இருக்கும் சூடு வேறு கணக்கு.

இரண்டாவது, ஆட்டமும் சாய்வும். கொசுத்தேனீ தன் புழுவுக்குத் தினம் தினம் ஊட்டுவதில்லை. ஒரு சின்ன அறையைக் கட்டி, அதில் கூழ் போன்ற உணவை நிரப்பி, ராணி அதன்மேல் ஒரு முட்டையை நட்டுக்குத்தாக வைத்தவுடன் அறையை மூடிவிடும். அதன்பிறகு தேனீ வெளியே வரும்வரை திறப்பதில்லை. கூட்டைக் கவிழ்த்தாலோ பலமாகக் குலுக்கினாலோ முட்டை அந்தக் கூழில் மூழ்கிப்போகும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் எந்த வீடு ஆடாமல் நிற்கும் என்பது நம் கரையில் சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, எறும்பும் பல்லியும் பொடி ஈயும். நான்காவது, தேனை எடுக்கும் வசதி. ஐந்தாவது, உப்புக்காற்றில் எத்தனை வருஷம் தாங்கும்.

தேன் அளவை நான்காவதாக வைத்ததில் சிலருக்கு வருத்தம் இருக்கும். ஒரு கூடு வருஷத்துக்குத் தருவது 300 முதல் 600 கிராம். அடுக்குத்தேனீப் பெட்டி ஒன்று கிலோக் கணக்கில் தரும். விலையில் கொசுத்தேன் பல மடங்கு என்பது உண்மைதான், ஆனால் அதை விற்பதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. இந்தியாவின் உணவுத் தர விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கொசுத்தேன் இயல்பிலேயே அதைத் தாண்டும், அதனால்தான் அந்தப் புளிப்பும் சீக்கிரம் நுரைப்பதும். மலேசியாக்காரர்கள் 2017-லேயே கொடுக்கில்லாத் தேனீயின் தேனுக்கென்று தனித்தரம் வகுத்து, 35 சதவீதம் வரை ஈரத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் என்றால் பிரச்சினை இல்லை. லேபிள் ஒட்டிக் கடையில் வைக்க நினைப்பவர் இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுக்கொள்ளட்டும். இதையே தொழிலாக்கலாமா என்று கேட்டால், இந்தக் கரையில் என் பதில் வேண்டாம் என்பதுதான். முருங்கைக்கும் மிளகாய்க்கும் தென்னைக்கும் பக்கத்தில் ஒரு கூடு இருக்கட்டும் என்று வைப்பவருக்குத்தான் இது சரிப்பட்டு வரும்.

## சுவரிலேயே விடுவது

கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய ஒன்றரை, இரண்டு அடிச் சுவர். இதைவிட நல்ல வீட்டை நாம் செய்து கொடுத்துவிட முடியாது. பகல் சூடு உள்ளே போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆடாது, சாயாது. ராணி போனால் அடுத்த ராணி, இப்படி ஒரே பொந்தில் வருஷக்கணக்கில் கூட்டம் தொடரும்.

வாசலைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சுவரிலிருந்து விரல் நீளத்துக்குக் கருத்த குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், நுனி சற்று விரிந்து. அந்த விளிம்பில் காவல்காரத் தேனீக்கள் வட்டமாகத் தலையை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் மூன்று நான்கு மில்லிமீட்டர். குழலைச் சுற்றிப் பளபளவென்று பிசின் துளிகள். எறும்பு அதில் கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டுப் பார்த்தால் சோப்புப் போட்டாலும் போகாது. கொட்டாது என்று சொல்லி முகத்தை ரொம்பக் கிட்டே கொண்டு போகாதீர்கள். தலைமயிருக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும், வலியைவிட எரிச்சல்தான் அதிகம்.

இந்த ஏற்பாட்டின் குறைகள்: தேன் கிடைக்காது, கூட்டைப் பிரித்துப் பெருக்க முடியாது. இன்னொன்று பலருக்கும் தோன்றுவதில்லை. வெள்ளையடிக்க வருகிறவர் வாசல் குழலைச் சுரண்டி, ஓட்டையைச் சிமெண்டால் பூசிவிட்டுப் போய்விடுவார். கொத்தனாரிடமும் பெயின்டரிடமும் வாயால் சொன்னால் போதாது, ஓட்டையைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டுவிடுங்கள். ஊருக்குள் கொசு மருந்துப் புகை அடிக்க வரும் மாலைகளில் வாசலில் மெல்லிய வலைத்துணியைக் கட்டி, ஈரச்சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கொசுவுக்கு அடிக்கிற மருந்துக்குக் கொசுத்தேனீ என்று தனியாகத் தெரியாது.

சுவருக்கு இன்னும் ஒரு வருஷமாவது ஆயுள் இருந்தால் நடுவழி ஒன்று உண்டு. சுவர் ஓட்டையில் ஒரு சின்னக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைக் காலிப் பெட்டியில் விட்டு, பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வாசல் வைத்துவிடுவது. தேனீக்கள் பெட்டி வழியாகத்தான் போய்வர வேண்டும். நாளடைவில் அங்கேயும் குடம் கட்டும், சில சமயம் இளம் ராணி ஒன்று அங்கே குடியேறும். மாதங்கள் பிடிக்கும். அவசரக்காரருக்கு ஒத்துவராது.

## மண் கலயம்

பனையேறிகள் பதநீர் இறக்கக் கட்டுகிற கலயம் அளவே போதும். ஒன்றரை, இரண்டு லிட்டர் இடம் இருந்தால் கொசுத்தேனீக்கு அரண்மனை. சுண்ணாம்பு தடவிய பழைய கலயத்தை எடுப்பதைவிட மானாமதுரைப் பக்கமிருந்து வருகிற புதுப் பானையாக வாங்குவேன், விலை ஒன்றும் பெரிதில்லை. பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, வாயை மூட மண் மூடி, மூடியைச் சுற்றிக் குழைத்த களிமண். உள்ளிருந்து மிச்ச இடுக்கையெல்லாம் அவையே பிசினால் அடைத்துக்கொள்ளும்.

சூட்டுக்குக் கலயம் நன்றாகவே தாங்கும், நிழலில் இருந்தால். துருப்பிடிக்க ஆணி இல்லை, உளுத்துப்போக மரம் இல்லை. ஆனால் எல்லோரும் படத்தில் பார்ப்பதுபோல உறியில் போட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதில்தான் நம் ஊரில் ஆபத்து. கச்சான் நேரத்தில் கலயம் ஊஞ்சலாடும். சுவரில் இடித்தால் உள்ளே தேன்குடம் உடையும், தேன் கசியும், அந்த வாசனைக்கு எறும்பு வரும். ஒரு ராத்திரி போதும். பழைய வீடாக இருந்தால் மாடக்குழியில் வையுங்கள், கலயத்துக்கென்றே செய்ததுபோல அமையும். மாடக்குழி இல்லாதவர்கள் நான்கு கால் பலகை ஒன்றில் மணல் பரப்பிப் பதித்து, கால்களுக்குக் கீழே கழிவு ஆயில் ஊற்றிய டப்பா வைக்கலாம். தொங்கவிட்டே தீருவேன் என்பவர், கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸ் தடவி, கலயத்தின் அடியை இன்னொரு கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள்.

கலயத்தின் உண்மையான செலவு தேன் எடுக்கும்போது தெரியும். மூடியைக் கத்தியால் நெம்பினால் பிசின் நூல் நூலாக இழுபடும். உள்ளே ஒரு ஓரம் மிளகுக் கொத்துபோல முட்டை அறைகள், அதை ஒட்டி மகரந்தக் குடங்கள், மற்ற ஓரமெல்லாம் தேன்குடங்கள். தேன்குடத்தையும் மகரந்தக் குடத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது புதியவருக்குக் கஷ்டம். அவசரப்பட்டுக் கை வைத்தால் எல்லாம் கலந்துவிடும், தேனும் கலங்கும், கூடும் அழியும். சிரிஞ்சு வைத்து ஓரக் குடங்களில் மட்டும் உறிஞ்சி எடுப்பது நல்லது. இரண்டு சட்டிகளை வாயோடு வாய் கவிழ்த்து வைப்பவர்களும் உண்டு. முட்டை ஒரு சட்டியில் இருந்தால் மற்றதில் பெரும்பாலும் தேன் சேரும், எடுக்கச் சுளுவு.

## மூங்கில்

கேரளத்தில் இதற்கு நல்ல பெயர், அங்கே காரணமும் இருக்கிறது. கணு விட்டு வெட்டிய மூங்கிலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்துக் கட்டினால் வீடு தயார். கூட்டைப் பிரிக்கும்போது ஆளுக்குப் பாதி.

நம் பக்கம் மூங்கில் விளைவதில்லை, அகலமான துண்டு கிடைப்பது பாடு. கிடைத்தாலும் வறண்ட காற்றில் வெடிப்பு விடும், ஒரு வருஷத்தில் உளுத்து மாவு கொட்டும். சுவரும் மெல்லிசு. மார்த்தாண்டம் பக்கமிருந்து கூடு வாங்கினால் மூங்கிலில் வர வாய்ப்புண்டு. வந்த வேகத்தில் மாற்றாமல், அடுத்த தை வரை வீட்டுக்குள் நிழலில் அப்படியே வைத்திருங்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு கூடு கொடுத்தனுப்ப மூங்கிலைப்போல் வசதி வேறில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூங்கிலுக்குப் பதில் விழுந்த பனையின் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். நடுச்சோற்றைக் குடைந்து எடுத்தால் வைரம் பாய்ந்த தடித்த ஓடு மிஞ்சும், இரண்டு பக்கமும் பலகை அடைத்தால் போதும். இதற்கென்று பனையை வெட்டாதீர்கள், வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பிவிசி குழாயைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம்.

## மரப்பெட்டி

இரண்டடுக்குப் பெட்டி. கீழ் அடுக்கில் முட்டை, மேல் அடுக்கில் தேன். மூடிக்குக் கீழே கண்ணாடித்தாள் ஒன்று வைத்தால் கூட்டைக் கலைக்காமல் பார்க்கலாம். தேன் எடுப்பதும் கூடு பிரிப்பதும் இதில்தான் சுத்தமாக நடக்கும். பிரிக்கும்போது ராணி அறையை அடையாளம் காண்பது முக்கியம். மற்ற அறைகளைவிடப் பெரிதாக, கொத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். அது உள்ள பாதி புது ராணியைப் பெறும், பழைய ராணி மற்ற பாதியில் இருக்கும். கலயத்தில் இதையெல்லாம் தேடுவது இருட்டில் ஊசி கோக்கிற வேலை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், கடையில் விற்கிற பெட்டி பெரும்பாலும் அரை அங்குலப் பலகை, சில சமயம் பிளைவுட். பிளைவுட் உப்புக்காற்றில் இதழ் இதழாகப் பிரியும். இரும்பாணி துருவேறி உப்பிப் பலகையையே பிளக்கும். ஒரு அங்குலத்துக்குக் குறையாத, முடிந்தால் ஒன்றரை அங்குலப் பலகை, எவர்சில்வர் திருகாணி அல்லது மர முளை என்று தச்சரிடம் சொல்லிச் செய்யுங்கள். செலவு ஏறும். அதை மிச்சம் பிடிக்க, உடைத்த படகுப் பலகை மலிவாக வருகிறதே என்று போகாதீர்கள், தாரும் பெயின்ட்டும் ஊறியது அது. பெட்டிக்கு வெளியே மட்டும் வெள்ளைப் பெயின்ட், உள்ளே ஒன்றும் பூசக்கூடாது.

இன்னொரு மறைமுகச் செலவு, திறந்து பார்க்கிற ஆசை. பெட்டி வைத்திருப்பவருக்கு வாரம் ஒருமுறை கை அரிக்கும். திறக்கத் திறக்கப் பிசின் அடைப்பு உடையும், மகரந்தக் குடத்தில் கீறல் விழும், உடனே வேகமாக ஓடித் திரிகிற ஒரு பொடி ஈ வந்து முட்டையிடும். அதன் புழு பெருகிவிட்டால் கூட்டைக் காப்பாற்றுவது கஷ்டம். பக்கத்தில் சின்னத் துளையிட்ட டப்பாவில் வினிகர் வைத்தால் கொஞ்சம் ஈ அதில் விழும். திறக்காமல் இருப்பதே பெரிய வைத்தியம்.

## ஒரே பார்வையில்

| | சுவர் | மண் கலயம் | மூங்கில் | மரப்பெட்டி |
|---|---|---|---|---|
| சூடு | மிக நன்று | நிழலில் நன்று | சுமார் | பலகைத் தடிமனைப் பொறுத்தது |
| ஆட்டம், காற்று | கவலையில்லை | தொங்கவிட்டால் ஆபத்து | கட்டி வைத்தால் சரி | கவலையில்லை |
| எறும்பு, ஈ | தானே பார்த்துக்கொள்ளும் | உடைந்தால் ஆபத்து | வெடிப்பு வழியே வரும் | அடிக்கடி திறந்தால் ஆபத்து |
| தேன் எடுப்பு | இல்லை | கஷ்டம் | பரவாயில்லை | எளிது |
| கூடு பிரிப்பு | இல்லை | கஷ்டம் | எளிது | எளிது |
| உப்புக்காற்று | தாங்கும் | தாங்கும், விழுந்தால் உடையும் | சீக்கிரம் போகும் | ஆணியைப் பொறுத்தது |
| செலவு | இல்லை | குறைவு | குறைவு, அடிக்கடி மாற்றவேண்டும் | அதிகம் |

## எதில் வைத்தாலும் இடம் முக்கியம்

பிழைப்பதும் சாவதும் பாதிக்கு மேல் வைக்கிற இடத்தைப் பொறுத்தது. வாசல் தென்மேற்கைப் பார்க்கக் கூடாது. இவ்வளவு பொடிப் பூச்சி கச்சானுக்கு எதிரே பறந்து வந்து இறங்க முடியாது, மணலும் உள்ளே அடிக்கும். கிழக்கு நல்லது, முதுகுப்பக்கம் சுவர் இருக்கட்டும். ஆனால் ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும், அதனால் மேலே கூரை நீட்டம் இல்லாமல் கிழக்கு வாசலும் உதவாது.

இவை தூரம் போவதில்லை, சுமார் அரை கிலோமீட்டருக்குள்தான் மேய்ச்சல். அந்த வட்டத்துக்குள் வருஷம் முழுக்க ஏதாவது பூக்க வேண்டும். நாம் திட்டித் தீர்க்கிற சீமைக்கருவேலம் தேனீக்கு மட்டும் அன்னதாதா. அதை வேரோடு எடுத்த தோட்டத்தில் முருங்கை, புங்கை, வேம்பு, இலந்தை, துளசி என்று மாற்று வைத்தபிறகுதான் கூடு வாங்க வேண்டும். தென்னை இருந்தால் பூந்தூளுக்குப் பஞ்சமில்லை. பிசினுக்கு ஒரு மாமரமோ கிளுவை வேலியோ பக்கத்தில் இருப்பது நல்லது. பக்கத்துக் கொல்லை முண்டு மிளகாயோ பருத்தியோ என்றால், மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லி வையுங்கள். தேனீ அங்கே போகாமல் தடுக்க வழியில்லை, அன்றைக்கு ஒருநாள் வாசலை வலையால் மூடலாம்.

## இடிக்கப் போகிறவர்களுக்கு

கூட்டை எடுக்கச் சரியான காலம் தை, மாசி. மழை முடிந்து பூ வரத் தொடங்கியிருக்கும், உடைந்ததைக் கட்டிக்கொள்ள அவற்றுக்கு நேரமும் தீனியும் கிடைக்கும். சாயந்தரம் வேலை தொடங்குங்கள். முட்டைக் கொத்தை மேல் எது, கீழ் எது என்று மாறாமல் எடுத்துப் புது வீட்டில் வையுங்கள். உடையாத மகரந்தக் குடம் இரண்டு மூன்று போதும், உடைந்தது ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. தேன்குடங்களை வைக்கவே வேண்டாம், அது உங்கள் பங்கு. பழைய வாசல் குழலைப் பெயர்த்துப் புது வாசலில் ஒட்டினால் வெளியே போனவை வாசனை பிடித்து உள்ளே வரும். அதே இடத்தில் சில நாள் வைத்திருக்க முடியாத அளவுக்கு இடிப்பு நெருக்கினால், இருட்டியபின் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்தவர் வீட்டில் சில வாரம் வைத்து எடுத்து வாருங்கள். பக்கத்துத் தெருவில் வைத்தால் பழைய இடத்தைத் தேடி வந்து இடிபாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஐப்பசியில் இடிக்க நாள் குறித்துவிட்டார்கள், மாற்ற முடியாது என்கிறவர்கள், கூடு இருக்கும் அந்த நாலைந்து அடிச் சுவரை மட்டும் கடைசிக்கு விட்டு, மேலே தகரமோ தென்னங்கீற்றோ போட்டுத் தை வரை நிறுத்தச் சொல்லிக் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், அஸ்திவார வேலைக்கே அவ்வளவு நாள் ஆகும்.